சீமாட்டியின் நிறம்

என்னிடம் ஒரே ஒரு கறுப்பு உடைதான் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு சாவு வீட்டுக்குப் போனதைவிட மீன் தொட்டிக்கு முன்னால் நின்றதுதான் அதிகம். எங்கள் டவுன்ஸ்வில் ஊர் வெயிலில் ஜன்னலுக்கெல்லாம் கம்பளி தொங்கவிட்டு, டி.வி.யின் சிவப்புப் பொட்டு விளக்கின்மேல்கூட டேப் ஒட்டிவிட்டு, கழுத்துவரை கறுப்பு அணிந்து நிற்கிற பெண்பிள்ளையை வேறு எங்கே பார்த்தாலும் பைத்தியம் என்பார்கள். எங்கள் பவளத் தொட்டிச் சங்கத்தில் அது சாதாரணம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு படம் எடுத்தால் அது தொட்டிக் கண்ணாடியில் விழும். பவளத்துக்கு நடுவே உங்கள் தொப்பை மிதக்கிற மாதிரி படம் வரும். எதிர்வீட்டு மார்ஜரி ஒருமுறை நான் அந்தக் கறுப்போடு குப்பைத் தொட்டியை வெளியே தள்ளுவதைப் பார்த்துவிட்டு, யாரோ போய்விட்டார்கள் என்று கேக் செய்து எடுத்து வந்தாள். கேக்கை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கும் அதே கறுப்பில்தான் நின்றேன். என் கணவன் நெவிலுக்கு வலது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். டாக்டர் சொன்னபடி ஒரு பெரிய கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வீட்டையே சுற்றிச் சுற்றி வந்து என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தான். அதைக் கழற்றலாம் என்று அன்று காலைதான் அனுமதி கிடைத்தது. இடது கண்ணுக்கு இன்னும் நாள் வரவில்லை. குனியக் கூடாது, உப்புத் தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்ற தடை மட்டும் அப்படியே இருந்தது. அதனால் தொட்டியைக் கழுவியது, தண்ணீர் மாற்றியது, மீனுக்குத் தீனி போட்டது எல்லாம் டெஸ்தான்.

டெஸ், நெவிலோடு துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். மனைவி இறந்த பிறகு அவனுக்கு இருப்பது இரண்டே விஷயம். ஒன்று சங்கம். இன்னொன்று எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. எங்கள் வீட்டுச் சாவி அவன் சாவிக்கொத்தில் தொங்கும்.

சீமாட்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது ஒரு மூளைப் பவளம். உள்ளங்கை அகலம், கொழுகொழு என்று சதை, நடுவில் ஒரு வாய். கடலில் மூழ்கிப் பவளம் எடுக்கிற ஒருவனிடமிருந்து நெவிலும் டெஸும் ஒரே நாளில் ஆளுக்கு ஒன்று வாங்கினார்கள். நெவில் தன்னுடையதற்குச் சீமாட்டி என்று பெயர் வைத்தான், அது சங்கத்தில் பரிசு வாங்கியது. டெஸுடையது டெஸ் வீட்டில் இருந்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு பாட்டில் உள்ளே போனதும், “மாத்திக்கலாமாடா?” என்று டெஸ் கேட்பான். “உன் வீட்டையும் சேத்துக் குடுத்தா யோசிக்கிறேன்” என்பான் நெவில். வீட்டில் இரண்டு பெண்கள் என்று வைத்துக்கொண்டால், யாருக்கு முதல் மரியாதை என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

படம் எடுக்கும்போது பவளம் ஆடக் கூடாது. அதனால் தொட்டிக்குள் அலை எழுப்புகிற பம்ப்புகளை நிறுத்துவோம். நிறுத்துவது என் வேலை. மறக்காமல் திரும்பப் போடுவதும் என் வேலை. மறந்துபோய் ஒரு தொட்டியையே கொன்றவர்கள் சங்கத்தில் உண்டு. அவர்களைப் பற்றி நாங்கள் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவோம்.

டெஸ் ஸ்டூலில் ஏறி, ஃப்ளாஷைத் தண்ணீருக்கு மேலே கீழ்நோக்கிப் பிடித்தான். அப்படிப் பிடித்தால்தான் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பாது. நெவில் நாற்காலியில் உட்கார்ந்து கேமராவின் மூக்கைக் கண்ணாடியோடு ஒட்டினான்.

“ஷட்டர் இருநூறு, எஃப் பதினொண்ணு,” என்று மந்திரம் மாதிரி சொன்னான். “ஃப்ளாஷ ஏத்திப் புடி. தண்ணில விட்டுடாத.”

“விட்டா இன்னிக்கு மீன் வறுவல்தான்,” என்றான் டெஸ்.

நெவில் வழக்கம்போல வலது கண்ணைக் கேமராவில் வைத்து, இடது கண்ணை இறுக்கிக்கொண்டான். வைத்தவன் பொத்தானை அழுத்தவில்லை. நிமிர்ந்தான். மறுபடி வைத்தான்.

“என்னடா, தூங்கிட்டியா? கை வலிக்குது,” என்றான் டெஸ்.

“டெஸ், இது எது?”

“எது எது?”

“இங்க இருக்கறது. என் சீமாட்டி எங்க?”

டெஸ் சிரித்தான். நான் சிரித்தேன். நெவில் சிரிக்கவில்லை.

“அவளுக்கு ஓரம் தேன் நிறம். நடுவுல செங்கல் சிவப்பு. இதுக்கு ஓரமெல்லாம் ஊதாவா இருக்கு. நான் கண்ணாடி மாட்டிட்டிருந்த நேரம் பாத்து, உன்னோடத இங்க வெச்சுட்டு என்னோடதத் தூக்கிட்டுப் போயிட்டே.”

“நெவ், உன் வீட்டுச் சாவி என்கிட்ட இருக்கு. திருடணும்னா ஃப்ரிட்ஜையே தூக்கிட்டுப் போயிருப்பேன்.”

“வெளையாடாத.”

“நீதான்டா வெளையாடற.”

“வர்ற சனிக்கிழமை சங்கத்துல எல்லார் முன்னாடியும் சொல்லப் போறேன்.”

டெஸின் முகம் அப்போதுதான் மாறியது. எங்கள் சங்கத்தில் கடன் வாங்கித் திருப்பித் தராதவனை மன்னிப்போம். குடித்துவிட்டு உளறுபவனை மன்னிப்போம். அடுத்தவன் தொட்டியில் கை வைத்தவனை மன்னிக்க மாட்டோம். அவனுக்கு ஒருவரும் ஒரு துண்டுப் பவளம் தர மாட்டார்கள், பக்கத்தில் உட்கார மாட்டார்கள். டெஸுக்குச் சங்கமும் போய், எங்கள் வீடும் போனால் அவன் எங்கே போவான் என்று எனக்குத் தெரியவில்லை.

அவன் ஃப்ளாஷைத் துண்டில் துடைத்து மேஜைமேல் வைத்தான். சாவிக்கொத்திலிருந்து எங்கள் சாவியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தான். வெளியே போனான். வாசல்வரை போனவன் திரும்பி வந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினான்.

“கிளெண்டா, பம்ப்பு,” என்றான்.

நான் மறந்தே போயிருந்தேன். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஓடிப்போய்ப் போட்டேன்.

அன்று முழுதும் நான் தொட்டியைப் பார்த்தேன். சீமாட்டியின் ஓரம் என்ன நிறம் என்று முன்னாலேயே யாராவது கேட்டிருந்தால் ஊதா என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் யாரும் கேட்டதில்லை. அந்த நீல வெளிச்சத்தில் எனக்கு எல்லாமே கொஞ்சம் ஊதாதான். என் கைகூட ஊதாதான். பவளமே கதி என்று கிடக்கிற மனுஷன் தேன் நிறம் என்று அடித்துச் சொல்கிறான். இத்தனை வருஷம் நான் பார்த்தது தேனா, ஊதாவா? யோசிக்க யோசிக்க எனக்கே எதுவும் நினைவில்லாமல் போயிற்று.

நெவிலோ ஒரு மாதிரி ஆகிவிட்டான். மறுநாள் காலையில் சமையலறைக்கு வந்து, “எப்ப வெள்ளை அடிச்சே?” என்றான். அந்தச் சுவருக்கு வர்ணம் அடிக்கச் சொல்லி நான் மூன்று கோடைக்காலமாகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். குத்திக்காட்டுகிறான் என்று நினைத்து டோஸ்ட்டைத் தட்டில் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன். பிறகு என் தலையை உற்றுப் பார்த்தான்.

“முடில என்ன ஊதா பூசியிருக்க?”

“ஆறு வருஷமா பூசறேன். சலூன்ல லாவண்டர்னு சொல்வாங்க. இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா உனக்கு?”

“எல்லாரும் சேந்து ஊதாவா மாத்தறீங்க,” என்று முணுமுணுத்துக்கொண்டு போனான். கட்டிய மனைவியின் தலையை ஆறு வருஷம் பார்க்காத மனுஷன், ஒரு பவளத்தின் ஓரத்தைப் பற்றிச் சண்டை போடுகிறான். எனக்கு வந்த கோபத்தில் எதையும் எதோடும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

ஞாயிறு ஆட்டுக்கறி அடுப்பில் இருக்கும்போது மூன்று தட்டு எடுத்தேன். ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். கறி வெந்திருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.

மறுநாள் டெஸ் வீட்டுக்குப் போனேன். அவன் பழைய டெஸ் இல்லை. முகத்தில் சவரம்கூட இல்லை. “வா, நீயே பாத்துக்க,” என்று தொட்டியைக் காட்டினான். அவனுடைய பவளமும் உள்ளங்கை அகலம், கொழுகொழு, நடுவில் வாய். இது சீமாட்டியா, அது சீமாட்டியா? கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்தேன். குழப்பம்தான் மிச்சம். ஃபோனை எடுத்துப் படம் பிடித்தேன். படத்தில் தொட்டி, பவளம், மீன் எல்லாம் சொட்டு நீலத்தில் ஊறப்போட்ட துணி மாதிரி வந்தது. வீட்டில் எடுத்து வைத்திருந்த படத்தோடு பார்த்தேன். அது வேறு நீலம். எதையோ அழுத்தினேன், இரண்டும் பச்சையாகிவிட்டன.

“அதுக்கு எது வெள்ளைன்னு நாமதான் சொல்லிக் குடுக்கணும்,” என்றான் டெஸ். “இல்லன்னா அது இஷ்டத்துக்கு எதையாவது வெள்ளைன்னு நெனச்சுக்கும்.”

எது வெள்ளை என்றுகூடத் தெரியாத ஒரு சாமானுக்கா இவ்வளவு விலை என்று எனக்குத் தோன்றியது. “நீ எடுத்தியா டெஸ்?” என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

“இல்ல.”

“அப்ப அவன் ஏன் அப்படிச் சொல்றான்?”

“அதுதான் எனக்கும் புரியல. அவன் பொய் சொல்ற ஆள் இல்ல. ராத்திரியெல்லாம் யோசிச்சேன், தூக்கத்துல நான் எதும் எடுத்துட்டு வந்துட்டனான்னு.” அவன் உண்மையாகவே அப்படிக் கேட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு அவன்தான் வழி சொன்னான். “லைட்ட நம்பாத. ஒவ்வொருத்தன் வீட்லயும் தொட்டி லைட்டு ஒவ்வொரு மாதிரி. நெவ் வேற, மங்கலா இருக்கு மங்கலா இருக்குன்னு வருஷா வருஷம் நீலத்த ஏத்திக்கிட்டே போறான். ஃப்ளாஷுக்கு அதெல்லாம் தெரியாது. ஷட்டர வேகமா வெச்சு, லென்ஸ் துவாரத்த சின்னதாக்கிட்டா, தொட்டி லைட்டு படத்துலயே வராது. ஃப்ளாஷ் மட்டும்தான் பேசும். உங்க வீட்டுச் சுவர்ல மாட்டியிருக்கே, பரிசு வாங்கின படம், அதையும் அப்படித்தான் எடுத்தோம். நான்தான் ஃப்ளாஷ் புடிச்சேன். அதே மாதிரி இப்ப ஒண்ணு எடு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாரு. அவ வேற ஆளா இருந்தா சதைல இருக்கற மடிப்பே காட்டிக் குடுத்துடும்.”

நெவில் மதியம் குறட்டை விட்ட நேரத்தில் நான் என் கறுப்பை மாட்டிக்கொண்டேன். கம்பளியைத் தொங்கவிட்டேன். பம்ப்பை நிறுத்தி, மறந்துவிடாமலிருக்க, நேரம் வைத்தால் அடிக்கிற சமையலறை மணியைத் திருகி, கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். கேமராவை முக்காலியில் வைத்துக் கண்ணாடியோடு ஒட்டி, அது தானாக எடுக்கும்படி வைத்துவிட்டு, ஓடிப்போய் ஸ்டூலில் ஏறி ஃப்ளாஷைப் பிடிப்பேன். முதல் படத்தில் ஒன்றுமே இல்லை, ஒரே இருட்டு. அடுத்ததில் வெள்ளையாக ஒரு பந்து. அதற்குப் பக்கத்தில் என் தாடை. பிறகு ஒன்றில் கோமாளி மீன் குறுக்கே வந்து நின்று என்னைப் பார்த்தது. ஃப்ளாஷைச் சாய்த்துப் பிடித்தால் கண்ணாடியில் பந்து விழுகிறது, நேர்கீழே பிடித்தால் விழவில்லை என்று புரிந்துகொள்வதற்குள் எனக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. கடைசியில் சீமாட்டி வந்தாள். சுத்தமாக, தெளிவாக, நடுப்பகலில் மேஜைமேல் வைத்த மாதிரி.

சுவரில் இருந்த படத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். வாயின் இடப்பக்கம் ஒரு மடிப்பு, அதில் குட்டையாக ஒரு கிளை. இரண்டிலும் இருந்தது. ஓரம் இரண்டிலும் ஊதா. ஒரே பவளம்தான். மணி கழுத்தில் அடித்தது. பம்ப்பைப் போட்டுவிட்டு நெவிலை எழுப்பினேன்.

அவன் இரண்டையும் பார்த்தான். சுவர்ப் படத்தைக் கையில் எடுத்து ஜன்னலோரம் கொண்டுபோனான்.

“இதுவும் ஊதாவா இருக்கு,” என்றான்.

“ஆமா. அப்பவும் ஊதா, இப்பவும் ஊதா. அதத்தான் சொல்றேன்.”

“இந்தப் படத்துல அவ தேன் நிறமா இருந்தா. எனக்குத் தெரியும். டெஸ் படத்தையும் மாத்திட்டான்.”

அந்தப் படத்தை வாராவாரம் தூசி துடைப்பவள் நான். என் கண்ணில் படாமல் அந்தச் சட்டத்தில் ஒரு ஈகூட உட்கார்ந்ததில்லை. “காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்,” என்று கத்தினேன். “உன் மனசுலதான் கோளாறு. உக்காரு, மருந்து விடற நேரம்.”

எவ்வளவு சண்டையானாலும் மருந்து நேரம் மருந்து நேரம்தான். அவன் உட்கார்ந்தான். வலது கண்ணில் சொட்டு விட்டேன். எரிச்சலில் அந்தக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். படத்தை மட்டும் கையிலிருந்து விடவில்லை. வாய் ஓயாமல் டெஸைத் திட்டிக்கொண்டிருந்தான்.

சட்டென்று பேச்சு நின்றது.

“கிளெண்டா, படத்த எப்ப மாத்தின?”

“நான் எங்க மாத்தினேன்? உன் கைலதான இருக்கு.”

“தேன் நிறம்,” என்றான். மூடிய கண்ணைத் திறந்தான். “ஊதா.” உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். “தேன்.” எடுத்தான். “ஊதா.” சின்னப் பிள்ளை கண்ணாமூச்சி ஆடுகிற மாதிரி பொத்திப் பொத்தி எடுத்தான். எனக்கு முதலில் பயம் வந்தது. கண்ணில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். அவன் என் தலையைப் பார்த்தான், சமையலறைச் சுவரைப் பார்த்தான், ஒவ்வொன்றையும் பொத்திப் பொத்திப் பார்த்தான். பிறகு படத்தை மடியில் வைத்துக்கொண்டான்.

“எல்லாம் பளிச்சுன்னு தெரியும்னு டாக்டர் சொன்னாரு. எல்லார்கிட்டயும் சொல்றதுதானேன்னு விட்டுட்டேன். புரை மஞ்சளா இருக்கும் போலருக்கு. அந்த மஞ்சளுக்குள்ளேர்ந்து இத்தன வருஷம் பாத்திருக்கேன். கேமராவுக்கு எது வெள்ளைன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல.”

நான் கோபத்தில் எறிந்த பழமொழி அப்படியே அவன் கண்ணுக்குள் உட்கார்ந்திருந்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. கிரேன் கொக்கியில் கை நசுங்கியபோதுகூட அவன் முகம் அப்படி இருந்ததில்லை.

“அன்னிக்கு டெஸ் என்ன செஞ்சான்? நான் அவனத் திரும்பிக்கூடப் பாக்கல,” என்று கேட்டான்.

“சாவிய வெச்சுட்டுப் போனான். அப்புறம் பம்ப்ப ஞாபகப்படுத்தறதுக்குத் திரும்பி வந்தான்.”

அவன் வண்டி ஓட்டக் கூடாது. நான்தான் கூட்டிப்போனேன். டெஸ் கதவைத் திறந்து நின்றான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவர் செருப்பை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நீ மாத்தல,” என்றான் நெவில்.

“அது எனக்குத் தெரியும்டா.”

“என் கண்ணுதான் மாத்திடுச்சு. அவ ஊதாதான்.”

“பத்து வருஷமா சொல்றேன், உன் படமெல்லாம் ஊதாவா இருக்குன்னு. பொறாமைல பேசறேன்னு சொன்னே.”

“பேசினது தப்பு, டெஸ். ரொம்பத் தப்பு.” நெவில் பையிலிருந்து எங்கள் வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினான். டெஸ் உடனே வாங்கவில்லை. பிறகு வாங்கிச் சாவிக்கொத்தில் கோத்தான். அது வளையத்தில் சீக்கிரம் ஏறவில்லை.

“ஞாயித்துக்கிழமை கறி கருகிப் போச்சுன்னு கேள்விப்பட்டேன்,” என்றான்.

“யார் சொன்னா?” என்றேன் நான்.

“நான் இல்லாம எப்படிக் கருகாம இருக்கும்?”

சனிக்கிழமை சங்கப் போட்டிக்கு நெவில் கேமராவை டெஸ் கையில் கொடுத்து, தான் ஃப்ளாஷ் பிடித்தான். அந்தக் கேமராவை அவன் வேறு யார் கையிலும் கொடுத்து நான் பார்த்ததில்லை. என்ன நிறத்தில் வந்திருக்கிறது என்று டெஸைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டான். பரிசு கிடைக்கவில்லை. படம் கொஞ்சம் ஆடியிருந்தது.

இடது கண்ணுக்கு நாள் வந்தது. ஆஸ்பத்திரிக்கு டெஸ்தான் வண்டி கொண்டுவருவதாகப் பேச்சு. காலையில் என் பையை எடுத்துக்கொண்டு வந்தால் நெவிலைக் காணோம். தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் சீமாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஊதாதான் அழகுன்னு டெஸ் சொல்றான்,” என்றான். “அழகுதான். ஆனா நான் வளத்தது இவளத்தான். இன்னிக்கு மத்தியானத்தோட இவ போயிடுவா.”

வெளியே டெஸ் ஹார்ன் அடித்தான்.

“நேரமாச்சு, எந்திரி,” என்றேன்.

எழுந்தான். கையைக் கண்ணிலிருந்து எடுக்காமலே என் பக்கம் திரும்பி நின்றான்.

“என்ன பாக்கற?”

“உன்னையும் ஒரு தடவ பாத்துக்கறேன். இந்தக் கண்ணுல உன் முடி இன்னும் அந்த மணல் நிறத்துலயேதான் இருக்கு.”

கல்யாணத்தின்போது என் முடி மணல் நிறம். அது போய் எத்தனையோ காலம் ஆகிறது. லாவண்டர் பூசிய ஆறு வருஷமும் இவன் என்னைப் பார்க்கவேயில்லை என்று எவ்வளவு கோபப்பட்டேன்.

டெஸ் மறுபடி ஹார்ன் அடித்தான். அடிக்கட்டும் என்று பையைக் கீழே வைத்துவிட்டு, படத்துக்கு நிற்கிற மாதிரி அசையாமல் நின்றேன்.